கைத்தொழிலால் உயர்ந்து ஊருக்கு உழைத்த அமரர் ஜி. டி. நாயுடு

ஒரு தோட்டத்து ஆலயத்தில் திருவிழா குறையின்றி நடந்தேறுவதற்குப் பலருடைய உழைப்பு தேவைப்படுகின்றது. பூசை செய்யும் குருக்கள், உபயம் ஏற்றோர், அன்னதானம் சமைப்போர், காவடி எடுப்போர், தப்பும் உறுமியும் முழக்குவோர் எனப் பலரை ஊர் நன்றியோடு நினைக்கின்றது. ஆனால் தேர் ஊர்வலம் முடியும் வரை ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே நின்று, அது மூச்சடங்கினால் கையிலுள்ள சாவிகளைக் கொண்டு மீண்டும் உயிர்ப்பித்து, விடிந்ததும் எண்ணெய் படிந்த உடுப்போடு வீடு திரும்பும் கராஜ்காரரை எத்தனை பேர் நினைக்கின்றார்கள்?

அத்தகைய ஒருவர் அநேகமாக எல்லாத் தோட்டங்களிலும் இருக்கின்றார். தொழிற்சாலையில் பிட்டராகவோ லொறிச் சாரதியாகவோ சிறு நகரத்துக் கராஜில் பாஸாகவோ அவர் இருக்கலாம். தேர்ச் சில்லு இறுகினாலும், தண்ணீர்க் குழாய் வெடித்தாலும், நடு இரவில் நோயாளியை ஏற்றிய வாகனம் மலைப்பாதையில் நின்றுவிட்டாலும் ஊர் அவரைத்தான் தேடும். அவர் கூலி கேட்பதில்லை. படிப்பில்லாதவர் என்று அவரைச் சிலர் குறைத்து மதிப்பதும் உண்டு.

இவ்வாறு கையில் எண்ணெயோடு தொழிலைத் தொடங்கி, ஏட்டுப் படிப்பின்றியே இயந்திரங்களின் நுட்பங்களை அறிந்து, அறிந்ததையெல்லாம் ஊருக்கே திருப்பிக் கொடுத்த பெருமகன் ஒருவர் தமிழகத்தின் கோயம்புத்தூரிலே வாழ்ந்தார். அவரே ஜி. டி. நாயுடு என்று தமிழுலகம் அறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடு. மலையகத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் கோபாலசாமி நாயுடு ஒரு விவசாயி. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்த துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அரிச்சுவடியை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதில் அவர் மனம் செல்லவில்லை. ஆசிரியர்மீது மணலை அள்ளி வீசிவிட்டு ஓடியவர் என்று அவருடைய குறும்பைப் பற்றி இன்றும் சொல்வார்கள். ஆரம்ப வகுப்புகளோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தையார் அவரை வயல் வேலைக்கு அனுப்பினார்.

ஊரார் பார்வையில் அவர் உருப்படாத பிள்ளை. எனினும் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஓடிய அந்தப் பிள்ளை அறிவு வேண்டாம் என்று ஓடவில்லை. கிடைத்த தமிழ் நூல்களைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். எதைக் கண்டாலும் அது எப்படி இயங்குகின்றது என்று ஆராயும் குணம் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

வழியில் நின்ற மோட்டார் சைக்கிள்

அக்காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் வாகனத்தைக் காண்பதே அரிது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைக் கண்ட இளைஞர் துரைசாமி வியந்து நின்றார். வண்டி பழுதாகி வழியில் நின்றதும், அதிகாரி தாமே அதன் பாகங்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதும், பக்கத்தில் நின்று அதைப் பார்த்த அவர் தாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று உறுதி பூண்டதும் அவருடைய வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்திகள்.

வண்டி வாங்கப் பணம் வேண்டும். அதற்காகக் கிராமத்தை விட்டுக் கோயம்புத்தூர் நகருக்குச் சென்றார். உணவுக் கடையொன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். வசதியுள்ள விவசாயியின் மகன் எச்சில் இலை எடுக்கும் இடத்தில் வேலை செய்வதா என்று அவர் தயங்கவில்லை. சில ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு அந்த அதிகாரியிடமே சென்று மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணி ஆணியாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதனோடு சேர்கின்றது, எதற்காக இருக்கின்றது என்று பார்த்தார். பின்னர் மீண்டும் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. பூட்டிய வண்டி ஓடினால் கற்றது சரி. ஓடாவிட்டால் மீண்டும் கழற்ற வேண்டியதுதான். இந்த ஒரு வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடமும் ஆசிரியருமாக அமைந்தது. சிறிது காலத்திலேயே மோட்டார் திருத்தும் தொழிலில் அவர் கைதேர்ந்தவரானார்.

வீழ்ச்சியும் மீட்சியும்

முதலாம் உலகப் போர் நடந்த 1914 – 1918 காலப்பகுதியில் பருத்திக்கு நல்ல விலை இருந்தது. நாயுடுவும் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளோடு பம்பாய் சென்று பெரிய வியாபாரத்தில் ஈடுபட்டார். அங்கே சேர்த்ததையெல்லாம் இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

பலர் இந்த இடத்தில் விதியை நொந்து ஓய்ந்துவிடுவார்கள். நாயுடு மீண்டும் தமது கைத்தொழிலையே நம்பினார். பம்பாயில் போன பணம் திரும்பவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக் கற்ற வித்தை அவரை விட்டுப் போகவில்லை. கோயம்புத்தூரில் ஆலைகளும் வியாபாரமும் நடத்திவந்த ரொபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் இவருடைய திறமையைக் கண்டு, பஸ் ஒன்றை வாங்குவதற்கு உதவினார்.

பழனிக்கு ஓடிய பஸ்

1920ஆம் ஆண்டு நாயுடுவின் முதலாவது பஸ் ஓடத் தொடங்கியது. அது ஓடிய பாதை பொள்ளாச்சியிலிருந்து பழனி வரையிலானது. அறுபடை வீடுகளில் ஒன்றாகிய பழனியின் பெருமையை முருகனடியார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாதயாத்திரையாகவும் மாட்டு வண்டிகளிலும் அடியார்கள் சென்ற அந்தப் பாதையிலே, சுமார் 60 கிலோமீற்றர் தூரத்துக்கு, நாயுடு தமது பஸ்ஸைத் தாமே ஓட்டிச் சென்றார். வண்டி பழுதானால் திருத்துபவரும் அவரே. பிற்காலத்தில் பெரும் செல்வந்தராக விளங்கிய அவருடைய வாழ்வு, தண்டாயுதபாணியின் சந்நிதியை நோக்கி ஓடிய ஒரே ஒரு பஸ்ஸிலிருந்துதான் மலர்ந்தது.

ஒரு பஸ் பலவாகியது. யுனிவர்சல் மோட்டார் சேர்விஸ் என்ற பெயரில், சுருக்கமாக யூ. எம். எஸ். என்று மக்கள் அழைத்த அவருடைய நிறுவனம் நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடத்தப்பட்ட பஸ் சேவைகளில் ஒன்றாகப் பெயர் பெற்றது. அதன் பெருமைக்கு முதற்காரணம் நேரந்தவறாமை. பஸ் நிறைந்த பின் புறப்படலாம் என்ற வழக்கம் இருந்த காலத்தில், குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை அவர் சட்டமாகவே வைத்திருந்தார். பயணச்சீட்டு வழங்குவதில் ஒழுங்கு, பயணிகளுக்குத் தங்குமிட வசதி, வண்டிகளை உடனுக்குடன் திருத்துவதற்குச் சொந்தமான வேலைத்தளம் என்று எல்லாவற்றையும் ஒரு முறைக்குள் கொண்டுவந்தார்.

ஹட்டன் நகரிலோ நுவரெலியாவிலோ கடைசி பஸ்ஸுக்காகக் குழந்தையோடும் மூட்டையோடும் மழையில் காத்து நின்றவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். நேரத்துக்கு வரும் பஸ் ஏழைக்குச் செய்யும் பெரிய உபகாரம். வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிக்கும், பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும், நாட்சம்பளம் தவறினால் அடுப்பெரியாத தொழிலாளிக்கும் நேரம் என்பது வெறும் கடிகாரக் கணக்கன்று, அதுவே வாழ்க்கை. பொதுத்தொண்டு என்பதை நாயுடு முதலில் செய்து காட்டியது இந்த இடத்தில்தான் எனலாம்.

மின்சாரம் வந்தது, மோட்டார் பிறந்தது

நீலகிரி மலையிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின், அந்த மலைத் தண்ணீரின் வலிமை மின்சாரமாகக் கீழே கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. ஆழமான கிணறுகளில் கிடந்த தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்கலாம் என்ற நம்பிக்கை விவசாயிகளுக்குப் பிறந்தது. ஆனால் பம்பை இயக்க மின்மோட்டார் வேண்டும். மோட்டார்கள் வெளிநாடுகளிலிருந்தே வந்தன. அவற்றின் விலை ஏழை விவசாயிக்கு எட்டாதது.

இந்த நிலையில்தான் டி. பாலசுந்தரம் நாயுடு என்ற மற்றொரு தொழில்நுட்ப வல்லுநரோடு இணைந்து, 1937ஆம் ஆண்டு இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட முதலாவது மின்மோட்டாரை ஜி. டி. நாயுடு உருவாக்கினார். பிற்காலத்தில் மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற நகரமாகக் கோயம்புத்தூர் வளர்ந்ததற்கு இது வித்தாக அமைந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்வு பெற்றன.

மலையகத்திலும் இதற்கு ஒப்பான ஒரு வரலாறு உண்டு. மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். அவருடைய கனவான லக்சபானா மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன், மஸ்கெலியாப் பகுதிகளின் தண்ணீர் நாட்டுக்கே ஒளி கொடுத்தது. எனினும் அந்த மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்ற பல லயன்களில் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. மின்சாரம் பிறந்த இடத்தில் வாழ்வதனால் மட்டும் அதன் பயன் கிடைத்துவிடாது. அதனைக் கையாளும் வித்தை தெரிந்தவர்கள் ஊரில் தோன்ற வேண்டும். அந்த வித்தையைப் பிறருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் அது நடந்தது. நாயுடுவின் வாழ்வில் மலையகம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

ஓயாத ஆராய்ச்சி

1930களில் நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றார். அங்கே தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். 1936இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தமது கமராவினால் படம் பிடித்தவரும் இவரே. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய சவரக் கருவி ஒன்றை உருவாக்கி, ரசாந்த் என்ற பெயரில் வெளிநாட்டிலும் அறிமுகம் செய்தார். மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவர் கை வைத்த பொருட்களின் பட்டியல் நீளமானது.

இவற்றில் பெரும்பாலானவை சாதாரண மக்களின் அன்றாடத் தேவைக்கானவை என்பது கவனிக்கத்தக்கது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கும் காற்று வேண்டும் என்று எண்ணியதனால்தான் மண்ணெண்ணெய் விசிறி பிறந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குத் தம்மால் செய்து தர முடியும் என்று அவர் அறிவித்தார். வானொலி பணக்கார வீடுகளின் அலங்காரப் பொருளாக இருந்த காலம் அது.

விவசாயி மகன் விவசாயத்தையும் மறக்கவில்லை. பத்து அடி உயரத்துக்கு வளரும் பருத்திச் செடியைத் தமது தோட்டத்தில் வளர்த்துக் காட்டினார். பப்பாளி முதலியவற்றிலும் ஆராய்ச்சிகள் செய்தார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சர் சி. வி. ராமன் இவருடைய ஆற்றலை வியந்து போற்றினார். பல்கலைக்கழகத்தின் வாசலை மாணவனாக மிதிக்காத ஒருவரை உலகம் போற்றும் விஞ்ஞானி மதித்தார் என்றால், கையினால் பெற்ற அறிவுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கற்றதைக் கொடுத்த கை

அரும்பாடுபட்டு ஒரு தொழில் ரகசியத்தைக் கற்ற மனிதர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்வதே உலக இயல்பு. சில கராஜ்களில் கூட, முக்கியமான வேலை வரும்போது பயிலும் பையனைத் தேநீர் வாங்க அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. நாயுடு இதற்கு நேர்மாறாக நடந்தார். 1944ஆம் ஆண்டு, தமது 51ஆவது வயதில், மோட்டார்த் தொழிலின் பெரும் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆராய்ச்சிக்கான உதவித்தொகைகள், தொழிலாளர்களுக்கும் பின்தங்கிய மக்களுக்குமான நலத்திட்டங்கள் முதலிய அறப்பணிகளை அறிவித்தார்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1945இல், அவருடைய கொடையினாலும் முயற்சியினாலும் கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பயிற்சிக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. அந்தப் பொறியியல் கல்லூரியே இன்று கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று விளங்குகின்றது. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் அக்கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார்.

ஆனால் கல்வி பற்றிய அவருடைய எண்ணம் அரசாங்கத்தின் எண்ணத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மாணவன் பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. வேலைத்தளத்தில் இறங்கிச் செய்து பழகினால் அதில் பாதிக் காலமே போதும் என்று அவர் வாதாடினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வோர் ஆண்டும் பாரம். விரைவில் கற்றால் விரைவில் வீட்டுக்கு உழைக்கலாம். அரசாங்கம் இதனை ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு முற்றவே, தாம் பாடுபட்டு உருவாக்கிய கல்லூரியின் பொறுப்பை விட்டு அவர் விலகினார்.

விலகியவர் கைகட்டி இருக்கவில்லை. மோட்டார், வானொலி முதலிய துறைகளில் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளைத் தாமே நடத்தினார். சான்றிதழைவிடக் கைத்திறமைக்கு அவற்றில் முதலிடம் கொடுத்தார். இயந்திரங்கள் இயங்கும் விதத்தைச் சாதாரண மக்களும் பார்த்தறிய வேண்டும் என்ற நோக்கத்தோடு 1967இல் தொழிற் கண்காட்சி ஒன்றையும் நிறுவினார்.

எதிர்கொண்ட தடைகள்

பெரியோர் வாழ்வென்றால் எல்லாம் வெற்றியே என்று எண்ணுதல் தவறு. நாயுடு 1930களில் தேர்தலொன்றில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். 1952இல், இருவர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் காரை 2,000 ரூபா விலையில் தயாரிக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். சாதாரண குடும்பமும் கார் வைத்திருக்கலாம் என்ற கனவு அது. உற்பத்திக்கான அனுமதியை அரசாங்கம் வழங்கவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே போயிற்று.

வரிச்சுமையும் அனுமதிப் பத்திரங்களும் புதிதாக ஒன்றைச் செய்பவனைத் தண்டிக்கின்றன என்ற மனக்கசப்பு அவரை வாட்டியது. 1950களில் தமது தயாரிப்புகள் சிலவற்றை மக்கள் முன்னிலையிலேயே உடைத்துத் தமது எதிர்ப்பைக் காட்டினார். அவர்மீது அன்பு கொண்டவர்களே அதைச் சரியென்று கொள்ளவில்லை. ஆக்கிய கை அழிக்கலாகாது என்பதே அவர்களுடைய கவலை. கோபம் அவருடைய குறைகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும். எனினும் அந்தக் கோபம் தமக்குப் பணம் போயிற்றே என்பதனால் வந்ததன்று; மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் வழியில் தடுக்கப்பட்டதே என்பதனால் வந்தது.

மறைவும் நினைவும்

இயந்திரங்களோடு நிற்காமல் சித்த மருத்துவத்திலும் ஈடுபாடு காட்டி, இறுதிவரை ஏதேனும் ஒன்றை ஆராய்ந்துகொண்டே வாழ்ந்த ஜி. டி. நாயுடு, 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி, தமது 80ஆவது வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அமெரிக்காவின் தோமஸ் அல்வா எடிசனோடு ஒப்பிட்டு, இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அவரை அழைத்தனர். எடிசனும் பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர் என்பது ஒற்றுமை.

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் கோயம்புத்தூரின் அவினாசி வீதியில் திறந்துவைக்கப்பட்ட சுமார் 10 கிலோமீற்றர் நீளமான மேம்பாலத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், பஸ்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் இரவு பகலாக அவருடைய பெயர் தாங்கிய பாலத்தின் மேலே ஓடிக்கொண்டிருப்பது பொருத்தமான அஞ்சலியே.

மலையகம் கொள்ள வேண்டிய பாடம்

நாயுடு பள்ளிக்கூடத்தை விட்டார். ஆகவே நானும் விடலாம் என்று ஒரு பிள்ளை எண்ணினால் அது அவருடைய வாழ்வைத் தவறாக வாசிப்பதாகும். தமக்குக் கிடைக்காத கல்வியைப் பிறர் பெறுவதற்காகவே அவர் தமது செல்வத்தைக் கல்லூரிகளாக மாற்றினார். இன்றைய இயந்திரங்களில் கணினியும் கலந்துவிட்டது. வாசிக்கவும் கணக்கிடவும் தெரியாமல் ஒரு புதிய வாகனத்தைத் திருத்துவது இயலாத காரியம். படிக்கும் வாய்ப்புள்ள பிள்ளை படித்தே ஆக வேண்டும்.

அதேவேளை சாதாரணதரப் பரீட்சையில் தவறிய பிள்ளையை உதவாக்கரை என்று ஒதுக்குவது பெரும் பாவம். மலையகத்து இளைஞர்கள் பலர் கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் கடைகளிலும் கராஜ்களிலும் உழைக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் வேலை செய்து கைதேர்ந்த பின்னரும், கையில் ஒரு பத்திரம் இல்லாத காரணத்தால் குறைந்த சம்பளத்திலேயே காலம் தள்ளுவோர் உளர். இவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளல் நன்று. இலங்கையில் நடைமுறையிலுள்ள என். வீ. கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை முறையின் கீழ், வகுப்புக்குச் சென்று படிக்காவிட்டாலும், வேலைத்தளத்தில் பெற்ற அனுபவத்தைச் செய்துகாட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் சான்றிதழ் பெறலாம். உள்நாட்டில் நல்ல வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலுக்கும் அது கைகொடுக்கும். கைத்திறமைக்கு மதிப்பு வேண்டும் என்று நாயுடு போராடிய கருத்தின் ஒரு பகுதி இவ்வாறு நடைமுறைக்கு வந்திருக்கின்றது. பெற்றோரும் ஆலய இளைஞர் மன்றங்களும் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவனுக்கு நிரப்பிக் கொடுக்கலாம். அதுவும் ஒரு திருப்பணியே.

கைத்தொழில் அறிந்த மூத்தவர்களுக்கும் நாயுடுவின் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் பழைய உருளை இயந்திரத்தைச் சத்தத்தைக் கேட்டே பழுது கண்டுபிடிக்கும் பிட்டர்கள் மலையகத்தில் இருந்தார்கள். இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்கள் ஓய்வு பெற்றுச் செல்லும்போது அந்த அறிவும் அவர்களோடு போய்விடுகின்றது. கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு நடக்கின்றது, பஜனை நடக்கின்றது. அதே மண்டபத்தின் ஒரு மூலையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மூத்தவர் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து, பழைய தண்ணீர் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பூட்டக் காட்டிக்கொடுத்தால், அதற்குப் பெரிய செலவில்லை. நல்ல மனம் ஒன்றே வேண்டும்.

ஆயுத பூசையன்று சாவியையும் சுத்தியலையும் அம்பாள் முன்னிலையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வணங்கும் மரபு சைவ மக்களுடையது. கருவியை வணங்குவோர் அந்தக் கருவியைப் பிடிக்கும் கையையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். உணவுக் கடையில் இலை எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டிய கலங்கல் கிராமத்து இளைஞன், பழனி செல்லும் அடியார்களுக்குப் பஸ்ஸோட்டி, உழவனுக்கு மோட்டார் செய்து கொடுத்து, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி அமைத்த வரலாறு இதனையே உணர்த்துகின்றது. அவ்வழியில் மலையகத்துக் கராஜ்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் கைகள் ஓங்கவும், கற்ற வித்தையை அடுத்த தலைமுறைக்கு அள்ளிக் கொடுக்கும் மனம் பெருகவும் எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் புரிவாராக.